சுண்ணாம்புக் குழிக்கு ஞாயிறு கிடையாது

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்கால் மணி. அடுப்புத் தணலை மூடிவிட்டு வந்தேனா என்ற கவலையில் வேதக்கோவில் சுவரிலிருந்த கடிகாரத்தை அப்போதுதான் பார்த்தேன். மறுபடி தலையைத் திருப்பியபோது ஆண்கள் பக்கத்தில் திருவிருந்தின் அப்பத் தட்டு போய்க்கொண்டிருந்தது. அதை ஏந்தியிருந்தவர் என் வீட்டுக்காரர். அவர் எங்கள் சபையின் மூப்பர்களில் ஒருவர். ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, உட்கார்ந்திருப்பவர் ஒரு துண்டை எடுத்துக்கொண்ட பிறகே அடுத்தவரிடம் நகர்வார். எங்கள் மகன் கையை நீட்டியிருந்தான். தட்டு அவனைத் தாண்டிப் போயிற்று.

தவறுதலாக என்றுதான் நினைத்தேன். இவருக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். மகனும் அப்படி நினைத்திருக்க வேண்டும், நீட்டிய கையை உடனே மடக்கவில்லை. அடுத்தவர் எடுத்துக்கொண்டார், அவருக்கு அடுத்தவரும் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அவன் கையை மெல்ல மடியில் வைத்து உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சுண்ணாம்பு தின்று தோல் உரிந்த கை அது.

நடந்தது தவறில்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. முந்தின வாரம் மூப்பர்கள் கூடி ஒரு தீர்மானம் செய்திருந்தார்கள். ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன் கூலி வேலைக்குப் போனவர்கள், சபை நடுவில் எழுந்து நின்று தவறை ஒப்புக்கொண்டு, இனிப் போவதில்லை என்று வாக்குக் கொடுக்க வேண்டும். அதுவரை அவர்களுக்குத் திருவிருந்து கிடையாது. இவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்தான். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல? புள்ள கையை நீட்டாமலாவது இருந்திருப்பான்" என்றேன்.

"கூட்டத்துல பேசினத வீட்ல பேசக் கூடாது" என்றார். சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டே இருந்தார்.

மகன் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தான். "சாப்பாடு ஆச்சாம்மா?" என்று மட்டும் கேட்டான்.

எங்கள் ஊர் ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் போகும் வழியில், பாலாற்றை ஒட்டி இருக்கிறது. ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு வருகிறவர்கள்கூட ஊர் வந்துவிட்டதை மூக்கால் தெரிந்துகொள்வார்கள். நாங்கள் இருவரும் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தவர்கள். அவர் ஆண்பிள்ளைகள் பள்ளியில் வாத்தியார், நான் பெண்கள் பள்ளியில் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். மகனும் எங்களைப் போல் பள்ளிக்கூட வேலைக்கு வருவான் என்று எண்ணியிருந்தோம். யுத்தம் வந்தது, தோலுக்குக் கிராக்கி வந்தது, ஊரில் நாலாபக்கமும் தோல் பதனிடும் ஷாப்புகள் முளைத்தன. படித்த பையன் என்று ஒரு முதலாளி சாயபு அவனைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். சில வருஷத்தில் சுண்ணாம்புக் குழிகளுக்கு அவன்தான் மேஸ்திரி.

ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு வேலை நாள். ஆனாலும் முதலாளி நல்லவர். சபைக்காரர்கள் கோவில் முடிந்து வந்தால் போதும் என்று விட்டிருந்தார். குழி மட்டும் காத்திருக்காது. ஊறுகிற தோலைத் தினமும் விடியற்காலையில் மேலே இழுத்துப் போட்டு, சுண்ணாம்பைக் கலக்கி, மறுபடி இறக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் தோல் திட்டுத் திட்டாக வெந்துவிடும். வெள்ளிக்கிழமை அதைத் தொழுகைக்கு முன்னால் அவர்கள் ஆட்களே செய்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள். குழியாட்கள் முறை வைத்துக்கொண்டு போனார்கள். மேஸ்திரிக்கு முறை கிடையாது, எல்லா ஞாயிறும் அவன் நிற்க வேண்டும். விடியுமுன் போய், வேலையை முடித்து, குளித்து, பாதி ஆராதனையில் வந்து உட்காருவான். வராமல் இருந்ததில்லை.

தீர்மானம் வந்த பிறகு மற்றக் குழியாட்கள் அதற்குச் சுலபமான வழி கண்டுபிடித்துவிட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அன்று திருவிருந்து தொடங்குமுன், அந்த மாதம் குழிக்குப் போனவர்கள் எழுந்து நின்று, போதகர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி, உட்கார்ந்து, பிறகு அப்பம் வாங்கிக்கொள்வார்கள். அடுத்த மாதம் முறை வந்தால் மறுபடி குழி, மறுபடி நிற்பது. கோவில் வாசலிலேயே பேச்சு நடக்கும்.

"போன தபா நான் நின்னேன். இந்த தபா நீயாடா?"

"என் பொண்டாட்டி அந்தப் பக்கம் உக்காந்து சிரிக்கிறா மாமா."

"சிரிச்சா சிரிக்கட்டும். ஞாபகமா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கோ, போதகர் பாக்கிறாரு."

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போதகருக்கும் தெரியும், மூப்பர்களுக்கும் தெரியும். என் மகன் மட்டும் எழுந்து நிற்கவில்லை.

"ரெண்டு வார்த்த. நின்னு சொல்லிட்டு உக்காரு. எல்லாரும் சொல்லல?" என்று இவர் ஒருநாள் சாப்பாட்டின்போது கேட்டார்.

"அவங்க சொல்லட்டும் நைனா. அடுத்த ஞாயித்துக்கெழம காலைல நான் குழிகிட்டதான் நிப்பேன். அது எனக்கே தெரியும். தெரிஞ்சிகினே கோயில்ல நின்னு போகமாட்டேன்னு எப்படி சொல்றது?"

"ஆண்டவர் மனசத்தான்டா பாக்கிறாரு."

"அதான் நைனா. அவரு பாக்கிறாருல்ல."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அப்போ அந்த வேலையே வேணாம். விட்டுடு."

"விட்டா என் எடத்துக்கு நம்ம தெருவுலேர்ந்து இன்னொருத்தன் வருவான். அப்புறம் அவன் வெளில. யாராவது ஒருத்தன் வெளில இருக்கணும்னா நானே இருந்துட்டுப் போறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்து போனான்.

அன்றிலிருந்து அவன் கோவிலில் கடைசியாக, கதவோரம் உட்கார்ந்தான். திருவிருந்துப் பாட்டு ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போய்விடுவான். வீட்டில் சாயங்கால ஜெபத்தை முறை வைத்து மூவரும் நடத்துவது எங்கள் வழக்கம். அவன் முறை வரும்போது "நீங்களே பண்ணுங்கம்மா" என்றான். "சபை தள்ளி வெச்சவன் ஜெபம் பண்ணி நீங்க ஆமென் சொல்லலாமான்னு எனக்குத் தெரியல" என்றான். அவன் முறையையும் நானே நடத்தினேன். படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அவன் மறுபடியும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து கை நீட்ட வேண்டும். அவன் இருமினால் பயம், காய்ச்சல் என்றால் பயம். ஷாப்பில் குழிக்கரை வழுக்கும் என்று சொல்வார்கள், அந்தப் பயம். வெளியே நிற்கும்போதே அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்போதுகூட வந்துவிடும். கரும்பலகையில் பாதி எழுத்தோடு நின்றுவிடுவேன். தெருவில் பெண்கள் சும்மா இருப்பார்களா? "டீச்சரம்மா ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் வேதம் சொல்லித்தராங்க, ஊட்ல ஒண்ணு வாசல்ல நிக்குது" என்று குழாயடியில் ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இவர் முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போய்வந்துகொண்டிருந்தார். மழைக்காலம் முடிந்த சமயம், ஒருநாள் அங்கிருந்து வந்தவர் முகத்தில் வெகு நாளாகக் காணாத தெளிவு.

"முதலாளிகிட்ட பேசிட்டேன். 'தோலுக்கு வெள்ளியும் தெரியாது, ஞாயிறும் தெரியாது வாத்யாரே'ன்னாரு முதல்ல. அப்புறம் எனக்காக ஒத்துக்கிட்டாரு. இவனுக்கு இனிமே ஞாயித்துக்கெழம குழி இல்ல."

மகன் நிமிர்ந்து பார்த்தான். "அப்ப யாரு நிப்பாங்க?"

"அது அவங்க பாடு. யாரையோ போடுறாராம்."

"நம்ம ஆளா?"

"அவங்க ஆளுங்க ஜாஸ்தி பேர் இருக்காங்களே. இதையெல்லாமா நான் நோண்டி நோண்டிக் கேக்கிறது?" என்று இவர் குடையை மூலையில் வைத்தார்.

மகன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, "போகமாட்டேன்னா நெசமாவே போகமாட்டேன்தானே. அப்ப நிக்கிறதுல இன்னா இருக்கு" என்றான். சிரித்தான்கூட. நான் சமையலறைக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அவ்வளவு பேதையாக இருந்தேன்.

அந்த மாத முதல் ஞாயிறு மூவரும் ஒன்றாகக் கோவிலுக்கு நடந்து போனோம். அவன் வெள்ளை வேட்டியும் அவன் அப்பாவின் மேல்சட்டையும் போட்டிருந்தான். வழியில் மணி கேட்டது. எங்கள் கோவில் மணியை ஒரு பெரியவர் அடிப்பார், வெகு காலமாக அவர் வேலை அது. அதே ஷாப்பில்தான் அவருக்கும் பிழைப்பு. வாலிபத்தில் குழி வேலை பார்த்து, வயதான பிறகு தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டையை இடிக்கிற பக்கம் மாறியவர். அவர் அடித்தால் மணி நிதானமாக, நடக்கிறவர்களின் காலுக்கு ஏற்ற மாதிரி இருக்கும். அன்று யாரோ தெரியாத கை, இழுத்து இழுத்து அடித்தது. "கெழவருக்கு இன்னா ஆச்சு?" என்றான் மகன். உடம்புக்கு முடியவில்லையோ என்னவோ என்றேன்.

போதகர் கூப்பிட்டதும் எழுந்து நின்றான். மற்றவர்களைப் போல முகத்தைத் தொங்கவிடவில்லை. இத்தனை நாள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன் வேலைக்குப் போனேன், இனிப் போகமாட்டேன் என்று சொன்னான். போதகர் சொல்லிக்கொடுக்கக் காத்திருக்காமல், தன் வாயாலேயே, கோவில் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். பந்தியின் முன்வரிசையில் உட்கார்ந்தான். என் பக்கத்திலிருந்தவள் என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

அப்பத்தை ஆசீர்வதித்து முடிக்கும்போது பின்பக்கக் கதவு திறந்தது. மணியடிக்கும் பெரியவர் உள்ளே வந்தார். தலை ஈரமாக இருந்தது, குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஆனால் அவசரக் குளியல். முழங்கைக்கு மேலே சுண்ணாம்பு காய்ந்து வெள்ளையாக நின்றது. சத்தம் போடாமல் கதவோரம், என் மகன் இத்தனை மாதம் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

மகன் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். பெரியவரின் கையைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். அதற்குள் அவர் தட்டோடு அவன் முன்னால் வந்து குனிந்திருந்தார்.

கோவிலில் சத்தமே இல்லை. அவன் மெதுவாகத்தான் கேட்டான், எனக்கும் கேட்டது.

"நைனா, அவருக்குக் குடுப்பீங்களா?"

இவர் தட்டை அவனுக்கு இன்னும் பக்கத்தில் நீட்டினார்.

"சொல்லுங்க நைனா."

"மொதல்ல நீ எடுத்துக்கோடா" என்றார் இவர். அவ்வளவு பேர் நடுவில் கெஞ்சுகிற குரல். பள்ளிக்கூடத்தில் அவரைக் கண்டாலே பிள்ளைகள் நடுங்குவார்கள்.

மகன் எழுந்தான். தட்டை இடிக்காமல் விலகி, நடுவழியே பின்னால் நடந்து போய்ப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தான். பாட்டு ஆரம்பித்ததும் இருவரும் எழுந்து வெளியே போனார்கள். இவர் அடுத்தவரிடம் தட்டைக் கொண்டுபோனார். வேறு என்னதான் செய்வார்? பெண்கள் பக்கம் தட்டு வந்தபோது நானும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். விழுங்கிவிட்டேன். எப்படி விழுங்கினேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு நாள் கழித்துப் பெரியவர் எங்கள் புழக்கடைப் பக்கம் வந்தார்.

"தோத்திரம் டீச்சரம்மா. என்மேல கோவம் ஒண்ணும் இல்லியே?"

"உங்கமேல எனக்கென்ன கோவம்?"

"மொதலாளி 'பழைய ஆளு, நீதான் குழி தெரிஞ்சவன், ஞாயித்துக்கெழம பாத்துக்கோ'ன்னாரு. நான் மாட்டேன்னு சொல்ல முடியுமா? வெளில வந்ததும் அவன்கிட்ட சொன்னேன். உள்ள போ ராசா, ரெண்டு பேர்ல ஒருத்தன் உள்ள இருந்தா போதாதான்னேன். கேக்கல."

"அவன் என்ன சொன்னான்?"

"என் கையப் புடிச்சிகினு அந்தக் காஞ்ச சுண்ணாம்ப நகத்தால சொரண்டிகினே இருந்தான்." பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "எனக்கு இன்னாம்மா, அடுத்த மாசம் நான் எழுந்து நின்னுடுவேன். கெழவன் நிக்கிறதுல இன்னா வெக்கம். ஒம்புள்ளதான் எல்லாத்தையும் உள்ள வாங்கிக்கிறான்."

எல்லாவற்றையும் உள்ளே வாங்கிக்கொள்ளும்படி அவனை வளர்த்தது யார்? கோவிலில் சொல்கிற வார்த்தை நேரே ஆண்டவர் காதில் விழும், அங்கே விளையாட்டுக்குக்கூடப் பொய் கூடாது என்று, அவனுக்கு எழுத்துத் தெரியும் முன்பே மடியில் வைத்துச் சொன்னவள் நான். மற்ற வீடுகளிலும் இதையே சொல்லித்தான் வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர வளர, எதை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று தாங்களே தெரிந்துகொண்டார்கள். இவன் ஒருவன்தான் நாங்கள் சொன்னதை அப்படியே நம்பினான்.

வீட்டில் அப்பாவும் மகனும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் இவரைக் கேட்டேன், பெரியவர்தான் குழிக்கு வருவார் என்று தெரியுமா என்று. "தெரியும்னு நான் எங்க சொன்னேன்?" என்றார். பிறகு ரொம்ப நேரம் கழித்து, கேட்காமலே, "தெரியாதுன்னும் சொல்லலியே" என்றார். "என் புள்ள ஒரு தடவ எடுத்துக்கிட்டா போதும்னு இருந்துச்சு." அதற்கு மேல் அவரை என்ன கேட்பது? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பொங்கல் சமயத்தில் மகன் ஷாப்பு வேலையை விட்டான். கோலார் தங்கச் சுரங்கத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பிவிட்டான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டிரங்குப் பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். வேதப்புஸ்தகத்தைப் பெட்டியில் வைத்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டேன். "வண்டிக்கு நேரமாச்சும்மா" என்றான்.

அவன் போனதால் எதுவும் தீரவில்லை. குழிக்கு வேறொரு மேஸ்திரி வந்தான், அவனும் எங்கள் தெருக்காரன்தான். முதல் ஞாயிறு வந்தால் நிற்கிறான், சொல்கிறான், உட்காருகிறான். பெரியவரும் சொன்னபடி நின்றார், மறுபடி மணியடிக்கப் போனார். இவர் இன்னும் மூப்பர். விலகிவிடுங்கள் என்று ஒருமுறை சொன்னேன். "விலகினா ஏன்னு கேப்பாங்களே" என்றார். சபையில் யாருக்கும் எந்த மனத்தாங்கலும் இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் சாயங்கால ஜெபத்தில் இரண்டே குரல். அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தால் இவர் விளக்குத் திரியைத் தூண்ட எழுந்துவிடுவார், நான் முடிக்க வேண்டும். என்ன கேட்பது என்று எனக்கும் புரிவதில்லை. அவனைத் திரும்பக் கொண்டுவாரும் என்றால், எதற்குத் திரும்ப வர வேண்டும்? நின்று பொய் சொல்லவா? அவன் மனதை மாற்றும் என்றால், எதிலிருந்து மாற்றச் சொல்கிறேன்? பாதி ஜெபத்தில் வார்த்தை நின்றுவிடும். ஆமென் மட்டும் சொல்லி எழுந்துவிடுவோம்.

கோலாரிலிருந்து வருகிறவர்களை ஸ்டேஷனிலும் கடைத்தெருவிலும் பிடித்து விசாரிப்பேன். நன்றாக இருக்கிறான் என்பார்கள். கோவிலுக்குப் போகிறானா என்று கேட்டால் முகத்தை வேறு பக்கம் திருப்புவார்கள். "அங்க பூமிக்குள்ள எறங்கிட்டா எல்லா நாளும் ஒண்ணுதான் அக்கா" என்றான் ஒருவன். கிறிஸ்துமஸுக்கு வருவான் என்று பலகாரம் செய்து வைத்தேன். அது ஒரு வெள்ளிக்கிழமை வந்தது, ஒரு நாள் விட்டு ஞாயிறு. அவன் வரவில்லை. அடுத்து வந்த ஈஸ்டருக்கும் வரவில்லை. இரண்டு முறையும் பலகாரத்தைப் பள்ளிக்கூடக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

மறு வருஷம் வெயில் தொடங்கிய சமயம், ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். கதவுத் தாழ்ப்பாள் எடுத்திருந்தது. சமையலறையில் அவன் நின்றுகொண்டு, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருந்தான். இளைத்துக் கறுத்திருந்தான். காதோரம் நரை. அந்த வயதில் நரை. சொம்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

என் வாயில் முதலில் வந்தது அதுதான், நான் என்ன செய்ய? "வர்ற ஞாயிறு திருவிருந்துப்பா. இருப்பியா?"

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கோபம் ஏதும் இல்லை அவன் குரலில், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"திங்கக்கெழமையாப் பாத்துத்தாம்மா வந்தேன். சனிக்கெழம சாயங்கால வண்டிக்குப் போய்டுவேன். இனிமே எப்ப வந்தாலும் அப்படித்தாம்மா வருவேன்" என்றான்.